மீ வந்த வழி, கோரெங் வந்த வழி

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் அடியில் இருக்கும் ஏதேனும் ஒரு காப்பிக்கடைக்குள் நுழைந்தால், சொல்மேல் பற்றுள்ளவர் தட்டைப் பார்க்குமுன் பலகையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சிறு கடையில் தமிழர் நின்று சமைப்பார். அவருடைய தலைக்கு மேலே 'மீ கோரெங்' என்று எழுதியிருக்கும். 'மீ' சீனம், 'கோரெங்' மலாய். சமைப்பவர் வீட்டில் பேசுவதோ தமிழ். சீனருடைய மாவிழையை, மலாய்க்காரருடைய வினைச்சொல்லால் பெயரிட்டு, தமிழர் விற்கும் இந்த உணவின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு துறைமுகத்தின் பேச்சு வரலாறு முழுவதும் அதற்குள் மடங்கிக் கிடப்பது தெரியும். அந்தப் பெயருக்காகவே நான் ஒரு தட்டு வாங்கினேன். சுவை பின்னால் வந்து சேர்ந்த ஊதியம்.

முதற்சொல்லிலிருந்து தொடங்குவோம். வடசீனத்தின் பொதுமொழியில் 'மியென்' என ஒலிக்கும் சொல்லே தென்சீனத்து ஹொக்கியன் பேச்சில் 'மீ' ஆனது. இன்று மாவிழையைக் குறிக்கும் இச்சொல்லுக்குத் தொடக்கத்தில் அந்தப் பொருள் இல்லை. கி.பி. 100 அளவில் தொகுக்கப்பட்ட 'ஷுவோவென்' என்னும் சீன அகராதி இதற்குக் கோதுமைப் பொடி என்றே பொருள் தருகிறது. அக்காலத்தில் மாவைப் பிசைந்து செய்த பண்டங்களுக்கெல்லாம் 'பிங்' என்ற பொதுப்பெயர் வழங்கியது. பிறகு சோங் அரசர் காலத்தையொட்டி, மாவின் பெயராக இருந்த 'மியென்' அம்மாவால் செய்த இழைக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இது கருவியாகுபெயர். பழைய பொருளும் முற்றாக மறைந்துவிடவில்லை. ரொட்டிக்குச் சீனத்தில் இன்றும் 'மியென் பாவ்' என்றே பெயர், அதாவது மாவுப்பொதி. நம் இடியப்பத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இழையாகப் பிழிந்த பண்டமாக இருந்தும், அதன் பெயர் இழையைச் சொல்லாமல் இடித்த மாவைச் சொல்கிறது. உண்டவர் கண்ணுக்கு இழை தெரிந்தது. பெயரிட்டவர் கைக்கு மாவுதான் நினைவில் இருந்தது.

'மியென்' எப்படி 'மீ' ஆயிற்று என்பதில் ஓர் ஒலிநயம் உண்டு. தென்சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்துப் பேச்சுமொழியாகிய ஹொக்கியன், பல சொற்களில் ஈற்று மூக்கெழுத்தைத் தனியே ஒலிக்காமல் அதற்கு முந்தைய உயிரிலேயே கரைத்துவிடும். இது நமக்குப் புதிதன்று. 'மரம்' என்று எழுதிவிட்டுப் பேச்சில் மகரத்தை மூக்கோடு சேர்த்து உயிராக்கி விழுங்குகிறோமே, 'வந்தான்' என்பதன் னகரத்தைத் தெருப்பேச்சில் கரைக்கிறோமே, அதே வழக்கம்தான். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்டுக் கற்றதில்லை. மாந்தர் நாக்கு சோம்பும் இடம் எங்கும் ஒன்றாக இருக்கிறது. இப்படி ஈறு கரைந்த 'மீ'யே கப்பலேறித் தெற்கே வந்தது. தாய்லாந்தில் அது 'மீ', 'பாமீ' என்றும், இந்தோனேசியாவில் 'மி', 'பக்மி' என்றும் வழங்குகிறது. 'பக்' என்பது ஹொக்கியனில் இறைச்சி. சப்பானியரின் 'ராமென்' என்பதில் உள்ள 'மென்' இதே சொல்லின் உடன்பிறப்பு. அங்கே மூக்கெழுத்து கரையாமல் நிலைத்துவிட்டது.

மலாய் அகராதிகள் இதைக் குறிலாக 'மி' என்று எழுதுகின்றன. கடைப் பலகைகளோ ஆங்கில எழுத்துமுறையின் பழக்கத்தில் நெடிலாகவே காட்டுகின்றன. தமிழ் இந்த இரண்டுக்கும் இடையே தேர்வு செய்யும் நிலையில் இருக்கவில்லை. தனிக்குறில் தானே ஒரு சொல்லாக நிற்பதைத் தமிழ் விரும்பாது. 'நொ', 'து' என்னும் இரண்டே அதற்கு விலக்கு. ஆகவே எந்த வழியாக வந்திருந்தாலும் இச்சொல் தமிழில் 'மீ' என்று நீண்டுதான் நின்றிருக்கும்.

நீண்டு நின்ற அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் வீற்றிருக்கிறார். நன்னூல் எண்ணிய 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் 'மீ' ஒன்று. மேல், உயரம், வானம் என்பன அதன் பொருள். மீமிசை, மீக்கூற்றம், மீது என்னும் சொற்களின் தலையில் இருப்பது அதுவே. பலகையில் 'மீ' என்று கண்டதும் தமிழார்வம் மிக்க உள்ளம் உடனே அந்தப் பழைய 'மீ'யைத் தேடி ஓடும். ஓட வேண்டாம் என்பேன். ஒலி ஒத்திருப்பதால் வேர் ஒத்துவிடாது. நம் மொழிக்குப் பெருமை சேர்க்க நமக்கு உரியதல்லாத சொல்லுக்கு உரிமை கோர வேண்டியதில்லை. உரியவை எவ்வளவோ இருக்கின்றன, இதே காப்பிக்கடையிலேயே இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

சிங்கப்பூர்க் காப்பிக்கடைக்குள் வந்த 'மீ' தன் பொருளை இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டது. அங்கே 'மீ' என்று மட்டும் கேட்டால் கிடைப்பது தடித்த மஞ்சள் இழை. அரிசிமாவின் மெல்லிழைக்கு 'பீஹூன்', அகன்ற அரிசிப் பட்டைக்கு 'குவேத்தியாவ்' என வேறு பெயர்கள் உண்டு; இரண்டும் தென்சீனத்துச் சொற்களே. மஞ்சள் இழையின் நிறம் முட்டையால் வந்ததென்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் அது காரநீரின் வேலை. சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் கலந்த நீரில் கோதுமை மாவைப் பிசைந்தால், மாவில் இயல்பாக உள்ள நிறமிகள் மஞ்சளாக மாறும். இழையும் இழுத்தால் அறாத உறுதி பெறும். வாணலியில் புரட்டும்போது இது உடையாமல் நிற்பதற்கும் அதுவே காரணம்.

இப்படிக் கோதுமை இழைக்கென்று ஒதுங்கிய பெயர், பக்கத்துத் தட்டில் விதியை மீறுகிறது. 'மீ சியாம்' என்று ஓர் உணவு உண்டு. புளிப்பும் இனிப்பும் காரமும் கலந்த அந்த உணவில் இருப்பது பீஹூன் என்னும் அரிசியிழை. மீ சியாமில் மீ இல்லை! சயாம் நாட்டை நினைவூட்டும் பெயர் அது. அங்கே 'மீ' என்ற சொல் அரிசியிழைக்கும் வழங்கும் என்பதை எண்ணினால் இந்தப் பிறழ்ச்சி பிழையாகத் தோன்றாது. ஒரே சொல் இரண்டு நாடுகள் வழியாக ஒரே கடைக்கு வந்து, இரண்டு பொருளோடு பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது.

இனிக் 'கோரெங்'. மலாயில் மட்டுமன்றிச் சாவக மொழியிலும் சுண்டா மொழியிலும் வழங்கும் வினை இது. சமையலில் தமிழ் காட்டும் நுட்பத்தை அறிந்தவர்க்கு இச்சொல்லின் அகலம் வியப்பூட்டும். நாம் அப்பளத்தைப் பொரிக்கிறோம், கடலையை வறுக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், கடுகைத் தாளிக்கிறோம், சோற்றைக் கிளறுகிறோம், கறியைப் புரட்டுகிறோம், வடையை மட்டும் ஏனோ சுடுகிறோம். எண்ணெயின் அளவும் தீயின் அளவும் கையின் அசைவும் மாறுந்தோறும் நமக்கு வினை மாறுகிறது. மலாயிலோ எண்ணெயில் மூழ்கிப் பொரிந்த வாழைப்பழமும் 'கோரெங்'. ஒரு கரண்டி எண்ணெயில் புரண்ட சோறும் 'கோரெங்'. அப்படியானால் மீ கோரெங்கில் நடப்பதற்குத் தமிழ் வினை எது? கடைக்காரரின் கையைக் கூர்ந்து பார்த்தேன். சூடேறிய எண்ணெயில் வெங்காயத்தை வதக்கினார். மிளகாய் விழுதைக் கிளறினார். முட்டையை உடைத்து ஊற்றிச் சிதைத்தார். மஞ்சள் மீயையும் முட்டைக்கோசையும் அவித்த உருளைக்கிழங்கையும் போட்டு, சட்டியின் அடியைக் கரண்டி சுரண்டும் ஓசை எழப் புரட்டிப் புரட்டிப் போட்டார். கடைசியில், ஈரம் முழுதும் வற்றி இழையின் ஓரங்கள் கருகத் தொடங்கும் அந்த நொடியில் நடந்ததுதான் வறுத்தல். நான்கைந்து தமிழ் வினைகளை ஒரு மலாய் வினை சுமந்தது.

இவ்வினை அடுப்பை விட்டு வெளியேயும் நடமாடுகிறது. மலேசியப் பேச்சில், விடை தெரியாத மாணவன் தாளை எதையாவது எழுதி நிரப்பினால் அவன் 'கோரெங்' செய்தான் என்பார்கள். பொருளில்லாததைச் சுடச்சுடக் கிண்டிக் கொடுத்தல் என்ற கருத்து. தமிழில் ஒருவரை 'வறுத்தெடுத்தார்' என்றால் கடுமையாகக் கடிந்துகொண்டார் என்றாகும். மலாய்க்காரர் கண் கரண்டியின் விரைவைப் பார்த்தது. தமிழர் கண் சட்டியில் கிடப்பதன் பாட்டைப் பார்த்தது.

தட்டு வந்தது. செக்கச் சிவந்த மீ, ஓரத்தில் வெள்ளரித் துண்டுகள், அவற்றின்மேல் தக்காளிச் சாறு. சிங்கப்பூரின் இந்திய மீ கோரெங்குக்கு இந்தச் சிவப்பும் இந்த வெள்ளரியும் அடையாளம். பினாங்குத் தீவில் அது கறுத்து, கணவாய்க் குழம்பின் வாசத்தோடு வரும். நாக்கில் முதலில் படுவது இனிப்பு, அதன் அடியிலிருந்து காரம், பின்னால் சட்டியின் புகை. அந்தச் சிவப்பைத் தருவதில் மிளகாய்க்கும் தக்காளிச் சாற்றுக்கும் பங்குண்டு. அச்சாற்றின் பெயரான 'கெட்சப்'பும் சொல்லாராய்ச்சியாளரை நிறுத்திவைக்கும். ஊறவைத்த மீனின் உவர்ச்சாற்றைக் குறித்த 'கே சியாப்' என்னும் ஹொக்கியன் சொல்லே அதன் மூலம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் முடிபு. மலாய்க்காரரிடம் அது 'கிச்சாப்' ஆகிச் சோயா அவரைச்சாற்றைக் குறித்தது. ஆங்கிலேயர் அதை மேற்கே கொண்டுபோயினர். அங்கே மீனை இழந்து, காளானைச் சேர்த்து, இறுதியில் தக்காளியில் நிலைபெற்றது. பிறகு புட்டியில் அடைபட்டு மீண்டும் கிழக்கே வந்து, இந்தச் சட்டியில் 'மீ'யின்மேல் ஊற்றப்படுகிறது. ஒரே மொழியில் பிறந்த இரண்டு சொற்கள், ஒன்று நேர்வழியாகவும் மற்றொன்று உலகைச் சுற்றியும் வந்து, தமிழர் கையால் கலக்கப்படுகின்றன.

பெயரின் இலக்கணத்துக்கு வருவோம். மலாயில் பெயர் முன்னே நிற்கும், அடை பின்னே வரும். ஆகவே 'மீ கோரெங்'. சீனத்தில் நம்மைப் போலவே அடை முன், பெயர் பின். அதே காப்பிக்கடையில் சீனர் விற்கும் உணவு 'சார் குவேத்தியாவ்'. 'சார்' என்பது வறுத்தல். இரண்டும் இழையைச் சட்டியில் புரட்டிய உணவுதான். ஆனால் எந்தச் சொல் முன்னே வருகிறது என்பதிலேயே எந்த மொழியில் விற்கப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது. குழம்பு ஊற்றிய மீயைச் சிலர் 'மீ கரி' என்பர், சிலர் 'கரி மீ' என்பர். தட்டில் ஒரே பண்டம், பெயரில் இரண்டு இலக்கணம். அந்தக் 'கரி' நம் கறி என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை; சங்க காலத்தில் மிளகைக் குறித்த சொல் அது.

தமிழ் நாவுக்கு 'மீ கோரெங்' என்ற வரிசை உறுத்தாமல் போனதற்கும் ஒரு காரணம் தோன்றுகிறது. 'வறுத்த மீன்' என்பது நம் தொடராக இருந்தாலும், இலையில் பரிமாறும்போது நாம் 'மீன் வறுவல்' என்கிறோம். வினை தொழிற்பெயராகிப் பின்னே நின்று பண்டத்தின் பெயராகிவிடுகிறது. கோழிப் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் அப்படியே. 'மீ கோரெங்' என்று கேட்ட தமிழ்க்காது அதை 'மீ வறுவல்' என்ற அச்சிலேயே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒலியிலும் ஒரு நல்லூழ் நேர்ந்தது. மலாய்க் கோரெங்கின் முதலெழுத்து ஒலிப்புடைய ககரம். தமிழ்ச்சொல்லின் தலையில் அந்த ஒலி நில்லாது. தனியே சொன்னால் பழந்தமிழ் நாக்கு அதைக் 'கோழி'யின் ககரமாக வன்மையாகவே ஒலிக்கும். ஆனால் முன்னே நெடில் 'மீ' நிற்பதால், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது ககரம் உயிர்களுக்கிடையே அகப்பட்டு, 'மேகம்' என்பதில் உள்ளதுபோல் தானே மென்மை பெறுகிறது. வல்லெழுத்து மிகுந்து 'மீக்கோரெங்' ஆகியிருந்தால் அந்த மென்மை போயிருக்கும். மீக்கூற்று என மிகுந்தும் மீகண் என மிகாமலும் வரும் நம் பழைய 'மீ'யை அறிந்தவர்கள் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். ஈற்றில் நிற்கும் ஙகர மெய்க்கு இந்த நல்லூழ் இல்லை. தமிழ்ச்சொல்லின் ஈற்றில் வரத்தகும் மெய்கள் பதினொன்றில் ங் இல்லை. தங்கம், பொங்கல் என்று எப்போதும் தன் இனமான ககரத்தின் கையைப் பிடித்தே நடக்கும் எழுத்து அது. மீட்டிங், பார்க்கிங் என ஆங்கிலச் சொற்கள் வந்து குடியேறிய பிறகுதான் நம் எழுத்துக்கு இந்த ஈறு பழகியது. பலர் இதைக் 'கோரிங்' என்று இகரம் வைத்துச் சொல்வதும் எழுதுவதும் அந்த ஆங்கில ஈறுகளின் சாயல் படிந்ததனால்தான் என்று கருதுகிறேன்.

இப்போது, காப்பிக்கடையில் தமிழுக்கு உரியவை. சீனர் அந்தக் கடையைக் 'கோப்பித்தியாம்' என்கின்றனர். 'தியாம்' ஹொக்கியனில் கடை. 'கோப்பி' மலாய். ஃபகரம் இயல்பாக இல்லாத மலாய் அதைப் பகரமாக்கியது. அதே குறையுடைய தமிழும் காப்பி என்றும், ஈழத்தில் கோப்பி என்றும் அதையே செய்தது. மலாய்க்காரர் அக்கடைக்கு இட்ட பெயர் 'கெடாய் கோப்பி'. இந்தக் 'கெடாய்' நம் கடை.

இதை வெறும் பெருமையாகச் சொல்லிக் கடந்துவிட மனம் வரவில்லை, ஏனெனில் இதற்குள் ஒரு சான்று இருக்கிறது. உயிர்களுக்கு நடுவே வரும் தனி வல்லெழுத்தை நாம் மென்மையாக ஒலிக்கிறோம். இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கிறோம். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவந்தான். மலாய்க்காரர் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சொல்லைக் கடன் வாங்கவில்லை, துறைமுகத்தில் காதால் கேட்டு வாங்கினர். கடையின் டகரத்தை மென்மையாகவும், பெட்டி, கட்டில் என்பவற்றின் இரட்டை டகரத்தைப் 'பெத்தி', 'காத்தில்' என வன்மையாகவும் கொண்டனர். முதல் என்னும் வணிகச்சொல் 'மோடல்' ஆனபோது தகரம் மென்மையாயிற்று. வகை 'பாகாய்' ஆனபோது ககரம் மென்மையாயிற்று. கப்பலின் இரட்டைப் பகரம் 'காப்பால்' என வன்மையாகவே நின்றது. எழுதாமல் நாம் நாவிலேயே வைத்திருந்த ஒரு விதியைக் கடல்கடந்த அயலார் தம் எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு இது கல்வெட்டுக்குக் குறைந்ததன்று.

சமைப்பவரைச் சுட்டும் 'மாமாக்' என்ற சொல்லும் நம்முடையது. மலேசியாவில் தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகளுக்கு அதுவே பெயர். மாமா என்னும் உறவுமுறைப் பெயரோடு, பாப்பா 'பாப்பாக்' ஆவதுபோல, மலாயின் உறவுப்பெயர்களில் வரும் ஈற்றுக் ககரம் சேர்ந்து அமைந்தது. மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களிடம் தாய்மாமனுக்கு 'மாமாக்' என்று பெயர் உண்டு. பழைய மலாய் இலக்கியங்களில் பெண்டகாரா என்னும் முதலமைச்சரை அரசர் 'மாமாக்' என விளிப்பதும் உண்டு. ஆகவே மலாய்க்காரர் செவிக்கு ஏற்கெனவே பழகிய ஒரு மதிப்புச்சொல்லின் மேல், தமிழ் வணிகரைச் சுற்றிலும் கேட்ட மாமா என்ற விளி வந்து பொருந்தியது என்று கொள்வதே சரி. சிங்கப்பூரில் அடுக்குமாடியின் அடியில் இருக்கும் சிறு மளிகைக்கடையை எல்லா இனத்தாரும் 'மாமா கடை' என்றே சொல்லி வந்தனர்.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கங்களிலிருந்தும் சோழமண்டலக் கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இந்தத் தமிழ் முஸ்லிம்கள். அவர்கள் வரவின் பழமைக்குச் சான்றாகச் சிங்கப்பூரில் தெலோக் ஆயர் சாலையில் நிற்கும் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது. அக்காலத் துறைமுகச் சந்தைக்குப் பொதுமொழி மலாய். சீனத் தொழிலாளியும், மலாய்ப் படகோட்டியும், சாவகத்தாரும், தமிழரும் பேரம்பேசிய மொழி அது. விற்பவர் தமக்குத் தெரிந்த சொல்லால் அல்ல, வாங்குபவர் எல்லாருக்கும் புரிந்த சொல்லால் கூவினார். 'மீ' சீனரிடம் வாங்கிய சரக்கின் பெயர். 'கோரெங்' தெருவில் கூவிய குரலின் மொழி. தமிழ் அவர் கைக்குள்ளும், அவர் நின்ற கடையின் பெயருக்குள்ளும், அவரை அழைத்த முறைப்பெயருக்குள்ளும் இருந்தது. இன்றும் அப்படியே. "மீ கோரெங் சத்து, புங்குஸ்!" என்று அடுப்படி நோக்கி அவர் குரல் கொடுக்கிறார், ஒன்று, பொட்டலம் என்று அதற்குப் பொருள். அடுத்த நொடி உள்ளே இருப்பவரிடம், "தம்பி, உப்பு பாத்துப் போடு" என்கிறார்.

பெயர் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. மாமாக் கடைகளில் இப்போது 'மெகி கோரெங்' பெரும்பேர் பெற்றிருக்கிறது. யூலியஸ் மெகி என்னும் சுவிட்சர்லாந்துக்காரரின் குடும்பப்பெயர், உடனடி இழையின் வணிகப்பெயராகி, மீ நின்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. வினை அசையவில்லை, பெயர் மட்டும் இடம்பெயர்ந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சென்னையில் காணலாம். கடற்கரை ரயில் நிலையத்தையும் பர்மா பஜாரையும் சுற்றிய தெருக்களில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர் கொண்டுவந்த 'அத்தோ' விற்கிறது. மாவிழையும் முட்டைக்கோசும் வெங்காயமும் புளிநீரும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கையால் பிசைந்து தரும் உணவு. பர்மிய மொழியில் 'தோ' என்பதுபோல் ஒலிக்கும் வினைக்குக் கலந்து பிசைதல் என்று பொருள். முன்னே அகரம் சேர்ந்தால் அது பெயராகும். அதன் ஈற்றில் தொண்டையை அடைத்து நிறுத்தும் ஓர் ஒலி உண்டு. தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் உதிர்ந்துபோயிற்று. பல்லிடை உரசி வரும் முதலொலி நம் தகரமாகி, அகரத்தின்பின் இரட்டித்தது. இழைக்கு உரிய பர்மியச் சொல் வழியிலேயே விடுபட்டுவிட, பிசைந்த கையின் தொழிலே பண்டத்தின் முழுப்பெயராக நிலைத்தது. சிங்கப்பூரில் பெயர் மாறி வினை நின்றது. சென்னையில் பெயர் போய் வினை மட்டுமே வந்து சேர்ந்தது. இப்போது அந்தத் தள்ளுவண்டிகளில் 'அத்தோ ஃபிரை' என்றும் கேட்கிறார்கள். சட்டியில் போட்டு வறுத்துத் தருகிறார்கள்.